லாவோன் கடை உருளைக்கிழங்கு

"நிறுத்து, நிறுத்து! வாசல்ல ஆறு பிக்கப் வண்டி நிக்குது பாரு. இதுதான் கடை!" என்று கத்தினாள் மார்லிஸ்.

அவள் கணவன் டுவேன் பிரேக்கை மிதித்தான். "நேத்தும் இப்படித்தான் சொன்ன. கடைசியில அது டிராக்டர் ரிப்பேர் பண்ற இடம்."

"பேசாம இறங்கு."

அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து கிளம்பி, பக்கத்து மாநிலமான அயோவா முழுக்க ஐந்து நாளாக இதே அலைச்சல்தான். மார்லிஸ் தன் ஊர் வாரப் பத்திரிகையில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவள். செல்போன் காட்டும் கடைகளை அவள் மதிக்கவே மாட்டாள். விவசாயிகளின் வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ, அங்கேதான் கைமணம் என்பது அவள் கட்சி. பதினோரு வருடத்தில் ஒரு வரிகூடப் பொய் எழுதியதில்லை என்ற பெருமை வேறு.

உள்ளே உட்கார இடமில்லாத கூட்டம். ஒருவழியாக மூலையில் ஒரு மேஜை கிடைத்தது. கடைக்காரம்மா லாவோனுக்கு எழுபது வயது இருக்கும். சமையலும் அவரே, பரிமாறுவதும் அவரே. "இன்னிக்கு இதுதான்" என்று இரண்டு தட்டுகளை வைத்துவிட்டுப் போனார். ரொட்டியின் மேல் மாட்டிறைச்சி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் மேலும் குழம்பு.

டுவேன் உருளைக்கிழங்கை ஒரு வாய் போட்டான். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. அப்பப்பா, உப்பு! இறைச்சியோ கத்திக்கே மசியவில்லை.

"எப்படி இருக்கு?" மார்லிஸ் கிசுகிசுத்தாள்.

"வித்தியாசமா இருக்கு."

அந்தப் பக்கத்து ஜனங்கள் அடுத்தவர் சமையலைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கொடூரமான வார்த்தை அதுதான். அதற்குமேல் சொல்ல அவர்களுக்கு நாக்கு எழாது. வளர்ப்பு அப்படி.

மார்லிஸும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "உள்ளதை உள்ளபடி எழுதிடப் போறேன். இந்தக் கண்றாவியை எப்படி இத்தனை பேர் சாப்பிடுறாங்க?"

பக்கத்து மேஜையிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர் பதறிப்போய் இவர்கள் பக்கம் சாய்ந்தார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எழுதிடாதீங்க. என் பேரு ஹார்லன். இந்த ஊர்க்காரன்."

"ஏன், என்ன விஷயம்?"

"அவ புருஷன் ரே செத்து மூணு வருஷம் ஆச்சு. அதோட அவ நாக்கும் செத்துப்போச்சு. அதுக்கு முன்னாடி இவ சாப்பாட்டுக்கு வெளியூர்லேருந்தெல்லாம் வருவாங்க. இப்ப மாசத்துக்கு மாசம் மோசமாயிட்டே போகுது. அரிசோனாவுல மக இருக்கா. வந்துடு வந்துடுன்னு கூப்பிடுறா. இவ அசையல. கடைதான் இவளுக்கு உசுரு. இதுவும் போச்சுன்னா ஆளே போயிடுவா. அதான் ஊரே முறை போட்டு வந்து சாப்பிடுறோம். இன்னிக்குக் கத்தோலிக்க சர்ச்காரங்க முறை. நாளைக்கு லூத்தரன் சர்ச்காரங்க."

"மூணு வருஷமாவா?" என்று வாயைப் பிளந்தான் டுவேன்.

"எனக்கு ரத்தக் கொதிப்பு வேற. டாக்டர் தலையிலே அடிச்சுக்கிறாரு."

அதற்குள் லாவோன் காபியோடு வந்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"பத்திரிகையா?"

"ஆமாம்" என்று மென்று விழுங்கினாள் மார்லிஸ்.

லாவோன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். கை கூப்பாத குறையாகக் கேட்டார். "மனசுல பட்டதை அப்படியே எழுதுங்கம்மா. தாட்சண்யமே பார்க்காதீங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பாவம், எப்படி ஏங்குகிறார்! கடையில் இருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். ஹார்லன் கண்ணாலேயே கெஞ்சினார். பதினோரு வருடத்துப் பெருமை ஒரு பக்கம், எதிரே இந்த முகம் ஒரு பக்கம். மார்லிஸ் பேனாவைத் திறந்து மடமடவென்று எழுதினாள்.

"என்ன எழுதினீங்க? படிங்களேன்."

"'அயோவாவிலேயே இதுதான் நம்பர் ஒன் கடை. இங்கே ஒரு தடவை சாப்பிட்டவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.'"

"ரெண்டாவது வரி சத்தியமான உண்மை" என்று முணுமுணுத்தான் டுவேன். மார்லிஸ் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். உடனே அவன் தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு கிடைக்குமா?"

லாவோனின் கண்கள் நிரம்பிவிட்டன. முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

"பார்த்தீங்களா?" ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "இந்தச் சந்தோஷத்துலேயே இன்னும் பத்து வருஷம் கடையை நடத்துவா. நீங்க நல்லா இருக்கணும்!"

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசோனாவுக்குப் போன் போட்டார் லாவோன்.

"இன்னிக்கும் நடக்கலடி ஜோலீன்! ஒரு டப்பா உப்பைக் கொட்டியும் பாவிங்க ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்னுறாங்க! என்னையே நம்பிக் கிடக்கிற ஊரு, நானா எப்படி மூடுவேன்? 'நல்லா இல்லை'ன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லிட்டா போதும், அன்னிக்கே கடையைப் பூட்டிட்டு உன்கிட்ட ஓடி வந்துடுவேன்!"