வாதத்தில் ஓட்டை

"இன்னைக்கு நானும் உங்களோட சர்ச்சுக்கு வரேன்மா."

மாமனார் இதைச் சொன்னது சின்ன மருமகளிடம். அங்கேதான் பெரிய மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? மாமனார் ஓய்வுபெற்ற நீதிபதி. மனைவி இருந்தவரைக்கும் அந்தம்மாவை சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்த மனுஷன். அவரை எப்படியாவது உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மல்லுக்கட்டுகிறவள் பெரியவள். கல்லூரியில் தர்க்கவியல் பாடம் எடுக்கிறாள். விசுவாசத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று சர்ச்சில் வகுப்பே நடத்துகிறாள். கடவுள் இருக்கிறார் என்பதற்கு அவள் அடுக்காத காரணம் இல்லை. மாமனார் ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே தள்ளுபடி செய்துவிடுவார்.

நேற்று வந்த சின்னவள் ஒரே பேச்சில் சாதித்துவிட்டாள் என்றால் வயிறு எரியுமா, எரியாதா? போதகர் இனி அவளைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். வகுப்புக்கு வருகிறவர்கள் தன்னைப் பார்த்து இளிப்பார்கள்.

"அப்படி என்ன மாமா சொன்னா இவ?" என்று கேட்டாள், குரலில் தேன் தடவி.

மாமனார் உற்சாகமாகச் சொன்னார். இயேசுவைப் பிடித்ததும் சீடர்கள் ஓடிவிட்டார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்தார்களாம். அதே ஆட்கள் பிறகு, அவர் உயிரோடு எழுந்ததைப் பார்த்தோம் என்று ஊரறியச் சொல்லி, அதற்காகச் சாகவும் துணிந்தார்களாம்.

"பொய்ச்சாட்சி எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். உயிருக்கு ஆபத்துன்னா ஒருத்தனும் நிக்க மாட்டான். இது யோசிக்க வேண்டிய விஷயம்மா."

பெரியவளால் தாங்க முடியவில்லை.

"இதுல பெரிய ஓட்டை இருக்கு மாமா. தப்பான ஒண்ணை நிஜம்னு நம்பி உயிரை விட்டவங்க எல்லா மதத்துலயும் இருக்காங்க. செத்தாங்கன்னா, நம்பினாங்கன்னுதான் அர்த்தம். நடந்துச்சுன்னு ஆகிடுமா?"

இதற்குப் பதில் அவளுக்கே தெரியும். மற்றவர்கள், யாரோ சொன்னதை நம்பிச் செத்தவர்கள். சீடர்களோ கண்ணால் பார்த்தோம் என்றவர்கள்; பொய்யாக இருந்தால் அது பொய் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். போன வாரம்கூட வகுப்பில் இதைத்தான் விளக்கினாள். இப்போது மூச்சுக் காட்டவில்லை.

"எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுக்கா" என்றாள் சின்னவள். முகம் சுண்டிப்போய்விட்டது. அதைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மாமனார் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்றதுதாம்மா சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பெரிய மருமகளின் வாதத்தை மாமனார் ஒத்துக்கொண்டது, அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.