தர மாட்டேன்

"இந்த மருந்தைத் தர மாட்டேன்" என்று சீட்டைத் திருப்பி நீட்டினார் மருந்துக் கடைக்காரர்.

தோளில் இரண்டு வயது மகளோடு நின்றவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, இது டாக்டர் எழுதினதுங்க."

"குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கா?"

"இல்லை. ரெண்டு நாளா மூக்கு ஒழுகுது."

"வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தா பிள்ளைக்கு வயிறுதான் கெடும். நிஜமாவே தேவைப்படறப்போ மருந்து வேலை செய்யாது."

"டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா? அவர் படிப்பு என்ன, உங்க படிப்பு என்ன?"

"அவர் எழுதறதைப் படிக்கவே நான் நாலு வருஷம் படிச்சேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாக்காரருக்கு மானம் போனது. பக்கத்தில் வேறு மருந்துக் கடையும் இல்லை. கிளினிக் மாடியில்தான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மகளுக்கு அது நல்ல விளையாட்டு. மூக்கை அவர் சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர் தாம்தூம் என்று குதித்தார். போனை எடுத்தார்.

"யோவ், என் சீட்டை மறுக்க நீ யாரு? இங்கே நான் டாக்டரா, நீ டாக்டரா? இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா நடக்கறதே வேற."

அப்பாக்காரருக்கு மனசு குளிர்ந்து போனது.

"அந்த ஆளோட மல்லுக்கட்ட முடியாது, விடுங்க சார்" என்று மேஜையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தார் டாக்டர். "உப்புத் தண்ணி சொட்டு மருந்து. மூணு நாள் மூக்குல விடுங்க. காய்ச்சல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

"நீங்க தங்கமான மனுஷர் டாக்டர். கீழே இருக்கானே, அவனைத்தான் ஒரு நாள் கவனிக்கணும்."

அவர் போனதும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு இது நாலாவது ஆள். 'சாதாரண சளி, மருந்தே வேண்டாம்'னு நான் சொன்னா வேற டாக்டரைத் தேடிப் போயிடறாங்க. நீங்க கொடுக்க மாட்டீங்கங்கற தைரியத்துலதான் எழுதறேன்."

"திட்டு வாங்கறது எனக்குப் பழகிப்போச்சு டாக்டர். ஆனா நாளைக்கு நான் வெளியூர் போறேன். கடையில என் மச்சான்தான் இருப்பார். அவருக்கு டாக்டர்னா தெய்வம். நீங்க எழுதினதை அப்படியே எடுத்துக் கொடுத்துடுவார். அதனால நாளைக்கு ஒரு நாள் மட்டும், வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."

டாக்டர் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அப்படின்னா" என்றார் டாக்டர், "நாளைக்கு நான் லீவு."