புரட்டாசியில் பூண்டு வாசம்

"வாயைத் தொறங்க."

வேல்சாமி திறந்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோன யோகேஸ்வரி, சட்டென்று முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"பூண்டு! புரட்டாசி மாசத்துல பூண்டு! மில் வாசல் பரோட்டாக் கடையில கோழி வறுவலை மொக்கிட்டுத்தான வாரீய?"

"பெருமாள் சத்தியமா இல்லட்டி."

"அவரை எதுக்கு இழுக்கீய? விரதமே அவருக்குத்தான!"

மகள் இந்து பிள்ளைத்தாச்சி. அவளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று, ராஜபாளையத்தில் அந்த வீட்டில் மாதம் முழுக்க மீன், முட்டை, கறி கிடையாது. வெங்காயம், பூண்டுகூட அடுப்படிக்குள் வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆம்பிளை வாயிலிருந்து சால்னாக் கடை வாடை வந்தால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? சம்பந்தி வீடு வரைக்கும் போன் போட்டுப் புலம்பிவிட்டாள்.

"பெத்த மகளை நெனைச்சாவது நாக்கைக் கட்டியிருக்கலாம்ல?"

அந்தக் கேள்விதான் வேல்சாமியைச் சுட்டது. பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர், நண்பர்கள் கூப்பிட்டும் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பல்லை அழுந்தத் துலக்கினார், ஏலக்காய் மென்றார். வாடை போகவில்லை. போதாக்குறைக்குச் சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது.

"பாத்தீயளா, பெருமாளே மொட்டை போடுதாரு!" என்றாள் யோகேஸ்வரி. "சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கோயிலுக்கு நான் மட்டும் போறேன். நீங்க வந்தா இருக்குற புண்ணியமும் போயிரும்."

வேல்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வாட்டி, டாக்டரம்மாகிட்டயே போவோம். நான் தின்னேனா இல்லையான்னு அவிய சொல்லட்டும்."

தின்ற கோழியை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அங்கேயும் இந்த மனுஷன் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று யோகேஸ்வரி கூடவே கிளம்பினாள்.

டாக்டர் ஞானபாக்கியம் அவர் நகங்களைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகக் கோடு. ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்தார்.

"இவர் பூண்டு சாப்பிடலம்மா. உடம்புல செலினியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அது கூடிப்போனா மூச்சுலயே பூண்டு வாடை அடிக்கும், முடியும் கொட்டும்."

"அது என்னதுங்க?" என்றார் வேல்சாமி.

"மீன், முட்டையில எல்லாம் இருக்குற சத்து. உடம்புக்குக் கொஞ்சம் போதும். புற்றுநோயைத் தடுக்கும்னு போன்ல வீடியோ போடுறாங்க. மாத்திரையாக் குடுத்து ஆராய்ஞ்சதுல அப்படி ஒண்ணும் உறுதியாகல. அளவு மீறினா விஷம். என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"தலைவலிக்கே மாத்திரை போட மாட்டேன் டாக்டர்."

"மாத்திரை இல்லாம இவ்வளவு ஏறாதே!"

வேல்சாமி வழக்கில் ஜெயித்தவர் போல மனைவி பக்கம் திரும்பினார். "இப்பவாது நம்புதியாட்டி?"

யோகேஸ்வரியின் கண் கலங்கியிருந்தது.

"இவியளைத் திட்டாதீங்க டாக்டர். எங்க மாமனாரைப் புத்துநோய்தான் கொண்டுபோச்சு. விரதம்னு மீனு, முட்டையும் நிப்பாட்டியாச்சே, இவியளுக்கும் வந்துரக் கூடாதேன்னு காப்பியில, மோர்ல, பால்லன்னு நான்தான் மாத்திரையைப் பொடிச்சுப் பொடிச்சுப் போட்டேன்."