டயரில் சிக்கிய கல்

மலை சரிந்தபோது என் கணவர் இன்னாசி ஜீப்புக்குள் இல்லை. எங்கே நின்றிருந்தார் என்று யாருக்கும் தெரியாது, உடலும் கிடைக்கவில்லை. நசுங்கிய ஜீப்பை மட்டும் மண்ணிலிருந்து இழுத்து வந்தார்கள். சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றைத் தன் பிக்கப் வண்டிக்கு மாட்டிக்கொள்ளட்டுமா என்று அவர் தம்பி சூசை கேட்டான். தலையாட்டினேன்.

பட்டறையில் போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. மெக்கானிக் டயர் வரிகளில் சிக்கியிருந்த கற்களைத் திருப்புளியால் நெம்பி எறிந்துகொண்டே வந்தார். அந்த மலையின் சிவப்புக் கல் ஒன்று கடைசிச் சக்கரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அவர் கையைத் தடுத்தேன்.

"அது கெடக்கட்டும்."

"டயர அறுத்துரும்க்கா."

"அறுக்கட்டும்யா. மதினி சொல்றாங்கல்ல, டயரு என்னுதுதான?" என்றான் சூசை.

அன்றுமுதல் தார் ரோட்டில் அந்தக் கல் டக், டக்கென்று தட்டியது. தினமும் அவன் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டு டீக்கு அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒரு மாலை வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. வாசலுக்கு ஓடினேன்.

"எந்த வழியா வந்த, சூசை?"

அவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். வரியில் கல் இல்லை. பிறகு ஏறி உட்கார்ந்து, வண்டியை வந்த வழிக்கே திருப்பி, எனக்காக மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.