நானூற்றுப் பன்னிரண்டாம் எண் அறை

“நானூத்திப் பன்னெண்டு கொடுங்க தம்பி. நானூத்திப் பத்து வேண்டாம், அதுல ஏ.சி. சொட்டும். நானூத்திப் பதினஞ்சு வேண்டவே வேண்டாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் லிஃப்ட், எந்நேரமும் கடகடன்னு இருக்கும்.”

தொலைபேசியில் பேசிய அம்மா நிதானமாகத்தான் பேசினார். முன்பதிவு குமாஸ்தாவுக்குத்தான் நிதானம் போய்விட்டது.

ஹோட்டலுக்கு எதிர்க் கட்டிடத்தில், ஜன்னலில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து மூன்று மாதமாக அறைகளை விற்கிறான். விற்ற அறைகளில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ‘கடலைப் பார்த்த அறை மேடம், காற்று பிய்த்துக்கொண்டு போகும்’ என்று அவன் அளப்பதெல்லாம், கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்த்த கதைதான்.

போன வாரம் ஒரே அறையை இரண்டு தேனிலவு ஜோடிகளுக்குக் கொடுத்துவிட்டான். “இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். அப்புறம் வேலை நிரந்தரம் ஆகாது, நீ வீட்டுல இருக்கிறதுதான் நிரந்தரம்” என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளி வேஷத்தில் யாரோ வேவு பார்க்க வரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சும் அடிபட்டது.

குமாஸ்தா மெதுவாக விசாரித்தான். “மேடம், முன்னாடி நம்ம ஹோட்டல்ல தங்கியிருக்கீங்களா?”

“ஒரு நாள்கூடத் தங்கினதில்லை தம்பி.”

சந்தேகமே இல்லை. வேவு பார்க்கிற அம்மாவேதான்! இவ்வளவு விவரத்தையும் விரல் நுனியில் வைத்துக்கொண்டு, இப்படிக் கூசாமல் பொய் சொல்ல வேறு யாரால் முடியும்?

“நானும் வீட்டுக்காரரும்தான், ரெண்டு நாள். கல்யாணமாகி முப்பது வருஷத்துல ஒரு இடம் போனதில்லை. சுத்திப் பார்க்க வர்றவங்க எல்லாம் என்னென்ன பார்ப்பாங்களோ, அதை எங்களுக்கும் எழுதிக் கொடுங்க.”

குமாஸ்தா சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினான். ஹோட்டல் இருந்த அந்தத் தீவின் தலைநகரம் அதில் எட்டே பக்கத்தில் அடங்கிவிட்டது. “காலையில கலங்கரை விளக்கம் மேடம். மத்தியானம் அடியில கண்ணாடி போட்ட படகு. சாயங்காலம் துறைமுகத்து ஓரமா ஒரு நடை.”

“கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி? அவருக்கு முழங்கால் வலி.”

கையேட்டில் அது இல்லை. “நாளைக்குச் சொல்றேன் மேடம்.”

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஓடிப்போய், ஏறிக்கொண்டே எண்ணினான். நூற்று எண்பத்தாறு. இறங்கும்போது சரிபார்த்தால், நூற்று எண்பத்து நாலு. மறுபடி ஏறினான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் முழங்கால் அவனோடு பேசவில்லை.

“நூத்தி எண்பத்தாறு மேடம். பாதியில உட்கார்ந்துக்க ஒரு பெஞ்சு இருக்கு.”

“நீங்களே ஏறிப் பார்த்தீங்களா? நல்லா இருப்பீங்க தம்பி. அப்புறம், அந்தப் படகுல காலுக்குக் கீழே மீன் ஓடுமாமே? நிஜமா, இல்ல சும்மா கதையா?”

படகிலும் போய் வந்தான். மீனும் தெரிந்தது, வாந்தியும் வந்தது. “நிஜம்தான் மேடம். நடுவுல உட்காருங்க, ஓரம் வேண்டாம்” என்று சொன்னான்.

வீட்டில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “யாரோ ஒரு மேடத்துக்காக மலை ஏறுறீங்க, கடல் தாண்டுறீங்க. என்னைத் துறைமுகம் வரைக்கும்கூடக் கூட்டிட்டுப் போனதில்லை.”

“அந்தம்மா ஒரு வரி புகார் எழுதிட்டா, நாம குடியிருக்கறதே துறைமுகத்து நடைபாதையிலதான்டி. அப்போ தினம் பார்க்கலாம்.”

கடைசியாக ஒரு தடவை அந்த அம்மா கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கி, “காலையில சாப்பாடு எங்க அறைக்கும் வருமா? நான் எழுந்திருக்க வேண்டாம்தானே?” என்றார்.

“கட்டிலுக்கே வரும் மேடம்.”

“கட்டிலுக்கேவா!” சின்னப் பெண்போலச் சிரித்தார்.

“விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பட்டுமா மேடம்?”

“எதுக்கு தம்பி? வழி தெரியும்.”

குறித்த நாளில் குமாஸ்தா கடன் வாங்கிய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முதல்முறையாக ஹோட்டலுக்குள் நுழைந்து நின்றான். பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். புது உடை. விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுப்பெட்டி. பக்கத்தில் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் கணவர்.

வாசல் காவலாளி விறைத்து நின்று சலாம் வைத்தார். வரவேற்பு மேசைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். சமையலறையிலிருந்து தலைமைச் சமையல்காரரே கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். குமாஸ்தா டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான். ஊருக்கே தெரிந்திருக்கிறது, இது எவ்வளவு பெரிய இடமென்று!

நேராகப் போய்க் கைகட்டி நின்றான். “மேடம், நான்தான் போன்ல பேசினவன். அறையில தூசு தும்பு இருந்தாலும் என்கிட்டயே சொல்லிடுங்க. புகார் மட்டும் எழுதிடாதீங்க. இந்த வேலையை நம்பித்தான் குடும்பம் ஓடுது.”

அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சொரசொரவென்று இருந்தது அந்தக் கை.

“அந்த அறையில தூசு இருந்தா நான் என் மேலதான் புகார் எழுதணும் தம்பி. இருபத்திரெண்டு வருஷமா அதைக் கூட்டித் துடைச்சு மெத்தை விரிக்கிறது நான்தானே! ஒரு நாளாவது அதுல படுத்துப் பார்க்கணும்னுதான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.”