மேபல் பெஞ்சு

பித்தளைத் தகட்டில் பொறித்திருந்த 'மேபல்' என்ற பெயரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பெஞ்சின் சரியான நடுவில் உட்கார்ந்தார் வில்ஃப்ரெட். குனிந்து நிமிர்வதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இறந்துபோனவர்கள் நினைவாகக் குடும்பத்தார் வைத்த பெஞ்சுகள் எங்கள் ஊர்க் கடற்கரையில் நூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தகடு சாய்மானத்தில்தான் இருக்கும். இதில் மட்டும் முன்னங்காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நகராட்சி ஆள் சோம்பேறித்தனமாக அங்கேயே திருகிவிட்டுப் போயிருப்பான் என்று வில்ஃப்ரெட் தினமும் அவனைத் திட்டிக்கொண்டேதான் துடைப்பார்.

மேபல் யாரென்று அவருக்குத் தெரியாது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

குன்றின் மேல் ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்டில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர் அவர். டிக்கெட் கூண்டின் ஜன்னல் பாறையைப் பார்த்து இருந்தது, கடல் முதுகுப் பக்கம். ஊர் உலகமெல்லாம் கடலைப் பார்க்க வந்து போக, அவர் மட்டும் பாறையைப் பார்த்தே ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் குன்றின் மேலிருந்த இந்த பெஞ்சு அவர் கண்ணில் பட்டது. கீழே துறைமுகம், அந்தப் பக்கம் இடிந்த மடாலயம், மிச்சமெல்லாம் கடல். இனி வேறெதுவும் வேண்டாம் என்று மனதார நினைத்தார்.

சுற்றுலா அலுவலகத்துக்கு அது பொறுக்கவில்லை. 'நம் ஊரில் பார்க்க வேண்டிய பத்து' என்று ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார்கள். மடாலயம், பழைய கலங்கரை விளக்கம், புகைபோட்ட மீன் விற்கும் சந்து என்று போன பட்டியலில் ஏழாவதாக இந்த பெஞ்சையும் சேர்த்துவிட்டார்கள். ஜூன் மாதத்திலிருந்து சிப்ஸ் பொட்டலமும் கையுமாகக் கூட்டம் வர ஆரம்பித்தது.

வில்ஃப்ரெட் அவர்களை ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்.

"இது என் சம்சாரத்தோட பெஞ்சுங்க."

எங்கள் ஆட்கள் துக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் உட்காருவதைவிட மழையில் நனைந்துகொண்டு நிற்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் நழுவினார்கள், பாதிப் பேர் மன்னிப்பும் கேட்டார்கள். வில்ஃப்ரெட்டும் கூச்சப்படாமல் மன்னித்தார்.

போன வாரம்தான் வினை வந்தது. பெஞ்சின் பத்து வருடத் தவணை முடிந்துவிட்டது என்று நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. குடும்பத்தார் யாரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்காவிட்டால், பெஞ்சைப் பிடுங்கிவிட்டுக் காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றை வைத்துவிடுவார்களாம். வில்ஃப்ரெட்டுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு ஃபைல். நோட்டீஸை நின்று படித்தாள். நகராட்சியிலிருந்து ஆள் வந்தாயிற்று என்று வில்ஃப்ரெட் நினைத்தார்.

"இந்த பெஞ்சுக்கு நீங்க வேண்டியவரா சார்?"

"என் சம்சாரத்தோடதுங்க," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் தகட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலை மடியில் பிரித்தாள். மேபலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம், முப்பத்தோரு வருடக் குடித்தனத்தை வில்ஃப்ரெட் அங்கேயே நடத்திக் காட்டினார். மழையோ வெயிலோ தினமும் இங்கே கூட்டிவந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மேபல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்றார். பொரித்த மீன் என்றால் முள்ளைக்கூட விட்டுவைக்க மாட்டாள் என்றார்.

"கோபம் வருமா?" என்று அவள் கேட்டாள்.

"வாசல்ல யாராச்சும் வந்து நின்னா சத்தம் போடுவா. மத்தபடி தங்கம்."

"ரொம்பச் சரியாச் சொல்றீங்க," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. காரியம் பலிக்கிறது என்று வில்ஃப்ரெட் இன்னும் இரண்டு சம்பவங்களைச் சேர்த்துக்கொண்டார். சொல்லச் சொல்ல அவருக்கே மேபல் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. கடைசி நாட்களில் படியேற முடியாமல் அவள் தவித்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதில் நடிப்பு பாதிதான்.

"பெஞ்ச எடுத்துடாதீங்க மேடம்," என்றார். "எனக்குன்னு வேற ஒண்ணும் இல்ல."

காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அவள் ஃபைலிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, முழங்காலில் வைத்து நிரப்பி, அடியில் கையெழுத்துப் போட்டாள். இன்னும் பத்து வருடத்துக்குப் பெஞ்சை யாரும் தொட மாட்டார்கள், அவர் தாராளமாக வந்து உட்காரலாம் என்றாள்.

வில்ஃப்ரெட் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேபல் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நா தழுதழுக்கச் சொன்னார். அவள் தலையசைத்தாள், ஃபைலை மூடிக்கொண்டு நாலு அடி நடந்தாள், பிறகு திரும்பினாள்.

"என் நாய்க்குக் கல்யாணம் ஆன விஷயமே எனக்கு இன்னிக்குத்தான் சார் தெரியும்."