கரண்டிமூக்கு

பெரிய லென்ஸைக் கையில் வாங்கியதும் அவளுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கியது.

சின்னது 300 மி.மீ. பெட்டி பிரிக்காத புதுசு.

பெரியது 600 மி.மீ. துபாய்க்குப் போன யாரோ விற்கக் கொடுத்துவிட்டுப் போனது. ரப்பர் வளையம் தளர்ந்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. விலை என்னவோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாஷிங்மெஷினுக்கென்று பிடித்த சீட்டு அதோடு காலி.

ஸ்டுடியோ மொட்டைமாடியில் நின்று, நான்கு தெரு தள்ளியிருந்த செல்போன் டவரைக் குறிவைத்தாள்.

சின்னதில் காக்கை தெரிந்தது.

பெரியதில் காக்கை அவளை முறைத்தது.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். தூத்துக்குடி உப்புக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் அதோடு சரி. பூஞ்சை இல்லை. ஓரத்தில் கொஞ்சம் தூசி.

"சின்னது போதும்க்கா," என்றார் ஸ்டுடியோக்காரர் ரூபன். "இதத் தூக்கிட்டு யாரு அலைய? கொக்கு குருவிக்கு அதுவே ஜாஸ்தி."

அவளுக்குச் சுருக்கென்றது. கொக்கு குருவியாம்.

பத்து நாளைக்கு முன்னால், அவள் வேலை பார்க்கும் உப்பள எடைமேடை அலுவலகத்து ஜன்னலிலிருந்து, மூன்றாம் பாத்தியில் அதைப் பார்த்தாள். சேற்றில் இரை பொறுக்கும் கொசு உள்ளான் பறவைக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று. சிட்டுக்குருவி அளவு. மூக்கின் நுனி மட்டும் கரண்டிபோலத் தட்டை.

கரண்டிமூக்கு உள்ளான். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம்.

பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. படம் இருக்கா?

படம் இருந்தது. கேமராவோடு வந்த லென்ஸில் எடுத்தது. அதில் ஒரு புள்ளி இருந்தது.

குழுவின் பெரிய தலை, திருநெல்வேலி டாக்டர் அருமைநாயகம், பதில் போட்டார். கொசு உள்ளான் மூக்கில் சேறு ஒட்டியிருக்கும் மேடம். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவதுதான்.

கீழே பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். எண்ணினாள். ஒரு தரம் அல்ல.

எட்டு வருஷமாக அந்தப் பாத்திகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புதிதாம்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தராசில் லாரி நிற்கும்போதும் கண் பாத்தியிலேயே கிடந்தது. மாசி முடியப்போகிறது. கூட்டம் நாளைக்கே வடக்கே கிளம்பினாலும் கிளம்பிவிடும்.

"பெருசே குடுங்க," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்து வரப்பில் குப்புறப் படுத்திருந்தாள். முழங்கையை உப்பு அறுத்தது.

ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இல்லை.

இல்லை.

இதுவும் இல்லை.

பிறகு அது வந்தது.

நேருக்கு நேராக நின்றது. நுனி தட்டையாக, அகலமாக. அழுத்தினாள். மூச்சுவிட்டாள். மறுபடி அழுத்தினாள்.

கேமராவின் திரையைப் போனில் படம்பிடித்தாள். கொஞ்சம் பொறு, இன்னும் இரண்டு எடுத்துவிட்டு அனுப்பு என்று புத்தி சொன்னது. விரல் கேட்டால்தானே.

அனுப்பிவிட்டாள்.

ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் துள்ள ஆரம்பித்தது. அடேயப்பா. வாழ்த்துகள். எந்தப் பாத்தி? மதுரையிலிருந்து இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். சென்னையில் ஒருவர் விமானத்துக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருமைநாயகமும் எழுதினார். மன்னியுங்கள் மேடம். உங்கள் கண்ணைச் சந்தேகப்பட்டது என் தப்பு.

அதை மூன்று தரம் படித்தாள். பத்து நாள் பாரம் இறங்கியது. பதினேழு பேரும் வரிசையாக வந்து படிக்கட்டும்.

இன்னும் ஒரே ஒரு படம். பக்கவாட்டில். அது போதும்.

லென்ஸைத் தூக்கினாள். அதே பறவை, அதே இடம். மூக்கைத் தண்ணீரில் விட்டது. தலையை ஒரு உதறு உதறியது.

ஏதோ சின்னதாகத் தெறித்து விழுந்தது.

நல்ல லென்ஸ். விழுந்ததையும் காட்டியது, மிச்சமிருந்ததையும் காட்டியது. நேரான, கறுத்த, சாதாரண மூக்கு.

ரூபன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில் உப்பு வாரும் பெண்கள் நான்கு பேர். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு.

முதல் படம் போதும். வருகிறவர்களிடம் பறந்துவிட்டது என்று சொன்னால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? உள்ளான்தானே. பறக்கும்.

பறவை பறக்கவில்லை. அவளை நோக்கியே நடந்து வந்தது.

போன் அடித்தது.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"மேடம், கார்ல ஏறிட்டேன்," என்றார் அருமைநாயகம். குரலில் சின்னப் பிள்ளையின் அவசரம். "இன்னும் அங்கதான இருக்கு?"



"இங்கதான் சார் இருக்கு," என்றாள். "நீங்க அன்னைக்குச் சொன்ன மாதிரியேதான் இருக்கு."

 மறுமுனையில் கார் இஞ்சின் அணையும் சத்தம் கேட்டது.